பாட்டு வகுப்பும் ஐக்யூ கணக்கும்

விஜயதசமி நெருங்கினால் தெருமுனைகளில் தட்டிகள் முளைத்துவிடும். கீபோர்டு கற்றால் நினைவாற்றல் கூடும், வயலின் கற்றால் கவனம் குவியும், மிருதங்கம் கற்றால் கணக்கு வரும் என்பார்கள். பக்கத்துத் தட்டியில் அபாகஸ் வகுப்புக்காரரும் ஏறக்குறைய இதையேதான் எழுதியிருப்பார். பிள்ளைக்குப் பாட்டு வரட்டும் என்று சேர்ப்பவர்களைவிட, பாட்டைச் சாக்கிட்டு மார்க் வரட்டும் என்று சேர்ப்பவர்கள் கூடிவிட்டார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இந்த நம்பிக்கைகளில் சில வெறும் கதை. சில பாதி மெய். ஒன்றிரண்டு முழுக்கவே மெய். ஆனால் அவை தட்டியில் ஏறுவதில்லை.

நம்பிக்கை: மொசார்ட் இசையைப் போட்டுவிட்டால் குழந்தையின் அறிவு கூடும்

இந்தக் கதைக்குப் பிறந்த தேதியே உண்டு. 1993 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் ஃபிரான்சிஸ் ராஷர், கார்டன் ஷா, கேத்ரின் கை ஆகிய மூவர் எழுதிய ஒரு பக்கக் கட்டுரை வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 36 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு. இரண்டு பியானோக்களுக்காக மொசார்ட் எழுதிய டி மேஜர் சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்கவைத்தார்கள். பிறகு, மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படியிருக்கும் என்பது போன்ற கேள்விகளைக் கொடுத்தார்கள். மௌனமாக உட்கார்ந்திருந்தபோதும், உடலைத் தளர்த்தச் சொல்லும் ஒலிநாடாவைக் கேட்டபோதும் எடுத்ததைவிட, மொசார்ட் கேட்ட பிறகு எட்டு ஒன்பது ஐக்யூ புள்ளிகளுக்குச் சமமான அளவு கூடுதலாக எடுத்தார்கள். அந்த விளைவு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்துவிட்டது என்பதையும் அதே கட்டுரை சொன்னது.

கவனியுங்கள்: அந்த அறையில் இருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். ஒரு குழந்தைகூட இல்லை. ஐக்யூ முழுவதும் அளக்கப்படவும் இல்லை. இடவுணர்வு சார்ந்த ஒரு பகுதி மட்டுமே சோதிக்கப்பட்டது.

ஆனால் ‘மொசார்ட் விளைவு’ என்ற பெயர் அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு ஒன்று கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கும்படி சட்டமன்றத்தைக் கேட்டார். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி, நம் முதலமைச்சருக்கு நிகர்.) தம் வாதத்துக்கு வலுச்சேர்க்க உறுப்பினர்களுக்கு ஓர் இசைத்துணுக்கைப் போட்டும் காட்டினார். அது மொசார்ட்டுடையது அல்ல, பேத்தோவனுடையது. அதே ஆண்டு ஃபுளோரிடா மாநிலம், அரசு நிதி பெறும் குழந்தைகள் காப்பகங்களில் தினமும் செவ்வியல் இசை ஒலிக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. ‘பேபி ஐன்ஸ்டைன்’ என்ற பெயரில் கைக்குழந்தைகளுக்கான வீடியோக்கள் வந்து குவிந்தன. 2001இல் அந்த நிறுவனத்தை வாங்கிய டிஸ்னி, 2009இல் வீடியோ வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

அறிவியல் தரப்பில் என்ன நடந்தது? டொரண்டோவில் கிளென் ஷெல்லன்பர்க்கும் அவர் குழுவினரும் இந்த மர்மத்தை ஒவ்வொரு இழையாகப் பிரித்தார்கள். மொசார்ட்டின் துள்ளலான சொனாட்டாவைக் கேட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அல்பினோனியின் பெயரால் வழங்கும் சோகமான மெதுநடை இசையைக் கேட்டவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. இசைக்குப் பதில் ஸ்டீஃபன் கிங்கின் சிறுகதையைப் படித்துக் காட்டியபோது, கதைப் பிரியர்களுக்குக் கதையே அந்த வேலையைச் செய்தது. ஆக, மனம் கொஞ்சம் உற்சாகமாகவும் விழிப்பாகவும் இருந்தால் அடுத்த சில நிமிடங்கள் வேலை சற்றுச் சுறுசுறுப்பாக ஓடுகிறது. பிரிட்டனில் பத்துப் பதினோரு வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் பெரிய அளவில் சோதித்தபோது, மொசார்ட் கேட்ட பிள்ளைகளை ‘பிளர்’ முதலிய பாப் குழுக்களின் பாட்டைக் கேட்ட பிள்ளைகள் முந்தினார்கள். நம் வீட்டில் அந்த இடத்தில் அனிருத் இருந்திருப்பார். 2010இல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ நாற்பது ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மொசார்ட்டுக்கென்று தனிச் சக்தி ஏதுமில்லை என்று முடித்துவைத்தார்கள்.

இசையைப் போட்டு விடுங்கள், வீடு கலகலப்பாக இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நம்பிக்கை: கருவிலேயே கேட்கவைத்தால் மேதையாகப் பிறக்கும்

பிரகலாதனும் அபிமன்யுவும் கருவில் கேட்டுக் கற்ற கதைகளோடு வளர்ந்த நமக்கு இதை நம்புவது சுலபம். இதில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. கர்ப்பத்தின் ஆறாம் ஏழாம் மாதத்தில் சிசுவின் காது வேலை செய்யத் தொடங்குகிறது. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தி, வளையல் ஓசை குழந்தைக்குக் கேட்கட்டும் என்று சொன்ன பாட்டிமார் கணக்கு அவ்வளவாகத் தப்பவில்லை. வட அயர்லாந்தின் பீட்டர் ஹெப்பர் ஒரு வேடிக்கையான ஆய்வு செய்தார். கர்ப்ப காலத்தில் ‘நெய்பர்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரை விடாமல் பார்த்த தாய்மார்களின் குழந்தைகள், பிறந்த சில நாள்களில் அதன் தொடக்க இசையைக் கேட்டதும் அமைதியாகிக் காதுகொடுத்தன. மற்ற தாய்மார்களின் குழந்தைகள் அப்படிச் செய்யவில்லை.

அடையாளம் கண்டுகொள்கின்றன, அவ்வளவுதான். அடையாளம் காண்பது வேறு, அறிவு பெருகுவது வேறு. மெகா தொடரின் டைட்டில் பாட்டும் இதே அளவுக்கு உள்ளே பதியும் என்பதை மறந்துவிட வேண்டாம். வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவற்றை வாங்கத் தேவையே இல்லை. சிசுவுக்கு மிகத் தெளிவாகக் கேட்கும் குரல் தாயின் குரல்தான். அது வெளியிலிருந்தும் வருகிறது, அவள் உடல் வழியாகவும் வருகிறது. பாடத் தோன்றினால் அம்மா பாடலாம்.

நம்பிக்கை: வகுப்பில் சேர்த்து முறையாகக் கற்றால் ஐக்யூ ஏறும்

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ‘கேட்பதால் பயனில்லை, கற்றால் உண்டு’ என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் முதல் சான்று, மேலே சொன்ன அதே ஷெல்லன்பர்க் 2004இல் வெளியிட்ட ஆய்வு. டொரண்டோவில் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குக் கீபோர்டு, ஒன்றுக்கு வாய்ப்பாட்டு, ஒன்றுக்கு நாடகம், இன்னொன்றுக்கு அந்த ஆண்டு வகுப்பே இல்லை. 36 வாரம் கழித்து ஐக்யூ அளந்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஏறியிருந்தது, ஏனென்றால் எல்லாரும் அந்த ஆண்டு பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். இசைக் குழுக்களுக்குச் சராசரியாக 7 புள்ளி, மற்ற இரண்டுக்கும் 4.3. வித்தியாசம் மூன்று புள்ளிக்கும் குறைவு.

மூன்று புள்ளி என்றால் என்ன? காலையில் சரியாகத் தூங்கி எழுந்தாரா, சாப்பிட்டாரா என்பதைப் பொறுத்தே ஒருவருடைய மதிப்பெண் அவ்வளவு ஆடக்கூடும். இன்னொரு செய்தியும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது, அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை: பிறரோடு பழகும் பாங்கில் முன்னேறியது நாடகம் கற்ற குழு. நாடக வகுப்புக்காரர்கள் ஏனோ இதை வைத்துத் தட்டி கட்டவில்லை.

பின்னால் வந்த ஆய்வுகள் இந்தச் சிறு ஏற்றத்தையும் கேள்விக்குள்ளாக்கின. 2013இல் ஹார்வர்டில் சாமுவேல் மெர், எலிசபெத் ஸ்பெல்கி குழுவினர் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரோடு சேர்ந்து ஆறு வார இசை வகுப்பு நடத்தி, இரண்டு தனித்தனிச் சோதனைகள் செய்தார்கள். நம்பத்தகுந்த ஆதாயம் எதுவும் சீராகத் தென்படவில்லை. ஆறு வாரம் குறுகிய காலம்தான், பிள்ளைகளும் சிலரே. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 2020இல் ஜொவான்னி சாலாவும் ஃபெர்னாண்ட் கோபேயும் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ ஏழாயிரம் குழந்தைகளின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். ஆய்வு எவ்வளவு கறாராக வடிவமைக்கப்பட்டதோ, இசையின் ஆதாயம் அவ்வளவு சுருங்கியது. குழந்தைகளைக் குலுக்கிப் பிரித்து, எதிர்க் குழுவுக்கும் ஓவியம், நாடகம் என்று ஏதாவது கற்றுக்கொடுத்த ஆய்வுகளில் அது ஏறக்குறையப் பூஜ்யம். அதே தரவுகளை மறுபடி அலசிய இமானுவேல் பிகாண்ட், பார்பரா டில்மன் இருவரும், சிறிய அளவில் ஆதாயம் உண்டு என்று 2022இல் மறுத்திருக்கிறார்கள். சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் சண்டை நடப்பதே ‘சிறிதளவா, ஒன்றுமில்லையா’ என்பதைப் பற்றித்தான். தட்டிகள் சொல்லும் பெரும் பாய்ச்சலை இரு தரப்பில் எவரும் சொல்லவில்லை.

பிறகு ஏன் இசை கற்கும் பிள்ளைகள் படிப்பிலும் கெட்டியாக இருக்கிறார்கள்? நாம் கண்ணால் பார்க்கிறோமே! பார்ப்பது உண்மை, காரணத்தைத்தான் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறோம். வாரம் இரண்டு நாள் பாட்டு வகுப்புக்கு யார் வீட்டுப் பிள்ளை போகிறது? சம்பளம் கட்ட வசதியும், வண்டியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர ஆளும், படித்த பெற்றோரும் உள்ள வீட்டுப் பிள்ளை. புதியதைக் கற்க ஆர்வம் உள்ள குழந்தைகளே நீண்ட காலம் இசையில் தங்குகிறார்கள் என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான். ஸ்வீடனில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. ஒரே மரபணுவும் ஒரே வீடும் உள்ள இரட்டையரில் ஒருவர் இன்னொருவரைவிட எத்தனையோ மணி நேரம் கூடுதலாகச் சாதகம் செய்திருந்தாலும், அவருடைய ஐக்யூ அதனால் கூடியிருக்கவில்லை.

நம்பிக்கை: தாளம் வந்தால் கணக்கு வரும்

ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்குள் ஐந்து ஐந்தாகவும் ஏழு ஏழாகவும் சொற்களை அடுக்கி, கோர்வை போட்டு, சரியாகச் சமத்தில் வந்து விழும் மிருதங்கப் பையனைப் பார்த்தால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். அந்தக் கணக்கை அவன் உண்மையிலேயே போடுகிறான். ஆனால் அந்தத் திறமை தானாக எழுந்து நடந்து பின்னக் கணக்குப் பாடத்துக்குள் போவதில்லை. இங்கிலாந்தில் 19 பள்ளிகளில் 900க்கும் மேற்பட்ட ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஓராண்டு இசை வகுப்பும் நாடக வகுப்பும் நடத்தி ஒப்பிட்டார்கள். கணக்கிலோ மொழிப்பாடத்திலோ இசை கற்றவர்கள் முந்தவில்லை. மறுபக்கமாகவும் பார்த்திருக்கிறார்கள்: அமெரிக்காவில் கணித முனைவர்களையும் இலக்கிய, மொழி முனைவர்களையும் ஒப்பிட்டபோது, கணிதக்காரர்கள் கூடுதல் இசை ஞானம் உள்ளவர்களாக இல்லை.

கணக்கு வரவேண்டுமானால் கணக்குதான் போட வேண்டும்.

நம்பிக்கை: அப்படியானால் இசையால் மூளைக்கு ஒன்றுமே ஆவதில்லை

இது எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை. மேலே சொன்னதையெல்லாம் படித்துவிட்டு ‘பார்த்தாயா, எல்லாம் டுபாக்கூர்’ என்று கிளம்புபவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எனக்கும் இந்தப் பகுதிதான் பிடித்தது.

ஆறு வயதில் கீபோர்டு தொடங்கிய பிள்ளைகளின் மூளையை 15 மாத இடைவெளியில் படமெடுத்துப் பார்த்தது 2009இல் வெளியான ஓர் ஆய்வு. கையசைவை ஆளும் பகுதியிலும், ஒலியைப் பகுத்துணரும் பகுதியிலும், இரு பாதி மூளைகளை இணைக்கும் நரம்புப் பாலத்திலும் மாற்றம் தெரிந்தது. அது வெறும் படத்தோடு நிற்கவில்லை. விரல்கள் விரைவாக ஓடின, ஸ்வரமும் லயமும் மாறுவதைக் காது கண்டுபிடித்தது. பொது அறிவுத்திறன் சோதனைகளில் மட்டும் வித்தியாசம் இல்லை. எதைப் பயின்றார்களோ அது வந்தது.

காது கூர்மையாவது சின்ன விஷயம் அல்ல. பேச்சையும் அதே காதுதான் கேட்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கு இலவசமாக இசை கற்பிக்கும் ‘ஹார்மனி புராஜெக்ட்’ அமைப்பின் மாணவர்களை நீனா கிரவுஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். ஓராண்டு முடிவில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில், நெருங்கிய ஒலிகளைக் கொண்ட பேச்சு அசைகளை அந்தப் பிள்ளைகளின் மூளை இன்னும் தெளிவாகப் பிரித்துணர்ந்தது. மூன்று மாத கிராஷ் கோர்ஸ் விளம்பரங்களைப் பார்க்கும்போது இந்த இரண்டு ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசிப்புக்கு அடித்தளமான ஒலியுணர்வு, அதாவது ‘மரம்’ ‘கரம்’ இரண்டிலும் முதல் ஒலி மட்டுமே மாறுகிறது என்று பிடிக்கும் திறன், இசைப் பயிற்சியால் ஓரளவு மேம்படுகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஓரளவுதான், ஆனாலும் உண்டு.

கைக்குழந்தைகளைப் பற்றிய கண்டுபிடிப்பு இன்னும் சுவையானது. எரின் ஹானனும் சாண்ட்ரா ட்ரெஹபும் 2005இல் மேற்கத்தியக் குழந்தைகளுக்குப் பால்கன் நாட்டுப்புற இசையைப் போட்டுக் காட்டினார்கள். மேற்கத்திய இசையில் தாளம் பெரும்பாலும் சமமான துண்டுகளாக ஓடும். பால்கன் இசையில் ஏழு என்பது இரண்டு, இரண்டு, மூன்று என்று ஒழுங்கற்று உடையும். நம் மிஸ்ர சாபுவின் ‘தகிட தகதிமி’ போல. அந்த ஏழில் ஓர் அடி தப்பினால் ஆறு மாதக் குழந்தைகள் கவனித்துவிட்டன. அமெரிக்கப் பெரியவர்களுக்கு அது பிடிபடவில்லை. ஒரு வயதான குழந்தைகளும் பெரியவர்களைப் போலவே அந்தத் திறனை இழந்திருந்தன. ஆனால் வீட்டில் இரண்டு வாரம் பால்கன் இசையைக் கேட்டதும் குழந்தைகளுக்கு அது திரும்பி வந்தது, பெரியவர்களுக்கு வரவில்லை. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை கோவில் மேளத்தையும் பறையையும் கண்ட சாபுப் பாட்டையும் கேட்டு வளர்ந்தால் அதன் காது எதற்குப் பழகும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரல் ட்ரெய்னர் குழுவினர் ஆறு மாதக் குழந்தைகளை அரை ஆண்டு கவனித்தார்கள். ஒரு குழுவில் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து பாடித் தட்டி ஆடினார்கள். இன்னொரு குழுவில் பின்னணியில் ‘பேபி ஐன்ஸ்டைன்’ இசைத்தட்டு ஓட, குழந்தைகள் பொம்மை வைத்து விளையாடின. முதல் குழுவின் குழந்தைகள் கையசைத்துக் காட்டுவது, சுட்டுவது போன்ற பேச்சுக்கு முந்தைய சைகைகளில் முன்னே நின்றன; புதியவர்களைக் கண்டு மிரள்வதும் குறைவு. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? எதிரே ஒரு முகம் இருந்தது. நம் தாலாட்டும் ‘சாய்ந்தாடம்மா’வும் ‘கைவீசம்மா’வும் செய்வது இதைத்தான்.

வெனிசுவேலாவின் ‘எல் சிஸ்டமா’ இசைத் திட்டத்தில் 2,914 பிள்ளைகளை வைத்து நடத்திய பெரிய ஆய்வையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஓராண்டில் அறிவுத்திறன் சோதனைகளில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. ஆனால் சுயகட்டுப்பாடு கூடியது.

நம்பிக்கை: ஐந்து வயதுக்குள் தொடங்காவிட்டால் போச்சு

ஒரே ஒரு திறமைக்கு இது பெருமளவு பொருந்தும்: துணைக்கு எந்தச் சுருதியும் இல்லாமல், கேட்ட ஒலியின் பெயரை அப்படியே சொல்லும் ஆற்றல். ஜப்பானில் இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குத் தினசரிப் பயிற்சி கொடுத்தபோது, கடைசிவரை நின்ற அத்தனை பேருக்கும் அது வந்தது. பெரியவர்களுக்கு அப்படி வருவது மிக அரிது. ஆனால் கர்நாடக இசைக்கு அது தேவையே இல்லை. இங்கே ஸட்ஜம் பாடுபவருடைய கட்டையைப் பொறுத்தது. ஒருவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்தில். அவரவர் தம்பூராவில் நிற்கத் தெரிந்தால் போதும்.

ஏழு வயதுக்கு முன் தொடங்கியவர்களின் விரல் ஒத்திசைவிலும் மூளை நரம்பிணைப்பிலும் சிறு அனுகூலம் தெரிகிறது. அதற்காக எட்டு வயதில் சரளி வரிசை தொடங்கும் பிள்ளைக்கு எந்தக் கதவும் சாத்தப்படவில்லை. மூன்று வயதில் உட்காரவைத்து அழவிடுவதைவிட எட்டு வயதில் ஆசையோடு போவது எவ்வளவோ மேல்.

நம்பிக்கை: இவனுக்குக் காதே இல்லை, பாட்டு வராது

ஸ்வரத்தைப் பிரித்தறியவே இயலாத பிறவிக் குறைபாடு நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான் இருக்கிறது. ஐந்து வயதில் சுருதி விலகிப் பாடுவது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு கட்டம். இந்த வாக்கியத்தைக் குழந்தையின் காதுபடச் சொல்வதுதான் உண்மையான தீங்கு.

நான் கவலைப்படுவது, ஐக்யூ நம்பிக்கை பிள்ளைகளை வகுப்பில் சேர்ப்பதைப் பற்றி அல்ல. அதே நம்பிக்கை அவர்களை வெளியே இழுப்பதைப் பற்றி. மார்க்குக்காகச் சேர்த்த வகுப்பு, மார்க் முக்கியமாகும் நேரத்தில் முதலில் வெட்டப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் ‘போதும், இனி பத்தாவது’ என்று வயலின் பரணுக்குப் போகிறது. அந்த வயதில்தான் பிள்ளை வரிசைகளையும் கீதங்களையும் தாண்டி, வர்ணம் தாண்டி, ஒரு கீர்த்தனையைத் தன்னுடையதாகப் பாடத் தொடங்கியிருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது தட்டியில் உள்ள மூளைப் படத்தைப் பார்க்காதீர்கள். உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு நேரம் பாடுகிறார்கள் என்று பாருங்கள். குறைந்தது இரண்டு ஆண்டு கொடுங்கள். நடுவே மதிப்பெண் பட்டியலை எடுத்து ஒப்பிட்டுக் கேட்காதீர்கள். பத்தாம் வகுப்பு வரும்போது நிறுத்தத்தான் வேண்டும் என்று தோன்றினால், அந்த முடிவைப் பிள்ளையிடம் கேட்டு எடுங்கள்.